தீட்டாத கத்தி யாருக்குச் சொந்தம்?

கத்தி வாங்குகிறவர்களில் இரண்டு வகை உண்டு. வாங்கின அன்றே கையில் கிடைத்ததை எல்லாம் வெட்டிப் பார்க்கிறவர்கள் ஒரு வகை. வாங்கின அன்றே எண்ணெய் தடவி, மெல்லிய தாளில் சுற்றி, அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறவர்கள் இன்னொரு வகை. இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டாவது வகையினர்தான் தங்களைக் கத்திப் பிரியர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள்!

"கத்தி" என்ற உடனேயே முகம் சுளிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். இங்கே பேச்சு சண்டைக்கத்தியைப் பற்றியது அல்ல. சட்டைப்பையில் அடங்குகிற பேனாக்கத்தி, மடக்குக்கத்தி, அமெரிக்காவிலும் பின்லாந்திலும் வேட்டைக்குப் போகிறவர்கள் இடுப்பில் செருகிக்கொள்கிற சிறிய உறைக்கத்தி - இவற்றைப் பற்றித்தான். ஆப்பிள் நறுக்க, கயிறு அறுக்க, பென்சில் சீவ, மானின் தோலை உரிக்க என்று பிறந்த கருவிகள் இவை. இவற்றை உலகம் முழுக்க ஒரு கூட்டம் காதலிக்கிறது. காதலிக்கிற விதம்தான் கோளாறாக இருக்கிறது.

பாப் லவ்லெஸ் என்ற அமெரிக்கரின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1950களின் முற்பகுதியில் அவர் கப்பலில் வேலை பார்த்துக்கொண்டிருந்த இளைஞர். நியூயார்க்கில் அன்று வேட்டை, மீன்பிடி சாமான்களுக்குப் பேர்போன கடை அபர்குரோம்பி அண்ட் ஃபிட்ச் (இன்று அதே பெயரில் துணி விற்கிறார்கள்). அங்கே போய், ஃப்ளோரிடாவில் ராண்டல் என்பவர் செய்கிற கத்தி ஒன்று வேண்டும் என்று கேட்டார். பல மாதம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். லவ்லெஸ் காத்திருக்கவில்லை. ஒரு பழைய பேக்கார்ட் காரின் ஸ்பிரிங்கை எடுத்து, கப்பல் சமையலறை அடுப்பிலேயே காய்ச்சித் தனக்கு வேண்டிய கத்தியைத் தானே செய்துகொண்டார் என்பார்கள். பிறகு அதே கடை அவரிடமே கத்தி வாங்க ஆரம்பித்தது.

அவர் பரப்பிய வடிவத்துக்கு "டிராப் பாயின்ட்" என்று பெயர். அலகின் முதுகு நேராகப் போகாமல் முனையை நோக்கி மெல்லச் சரியும். அழகுக்காகச் செய்த வளைவு அல்ல அது. வேட்டையாடிய விலங்கின் வயிற்றைத் திறக்கும்போது கத்தியின் வாயை மேலே பார்க்கப் பிடித்துத் தோலை அறுப்பார்கள். முனை மேல்நோக்கித் துருத்திக்கொண்டிருந்தால் குடலைக் குத்திவிடும். குடல் கிழிந்தால் இறைச்சி பாழ். முனை கொஞ்சம் தாழ்ந்திருந்தால் அந்தச் சங்கடம் இல்லை. ரத்தத்திலும் கொழுப்பிலும் கை வைத்தவர்களுக்காக யோசிக்கப்பட்ட வடிவம்.

லவ்லெஸ் 2010இல் இறந்தார். இன்று அவர் கையால் செய்த கத்திகள் பல ஆயிரம் டாலருக்குக் கைமாறுகின்றன. வாங்குகிறவர்கள் அவற்றால் ஒரு தக்காளியைக்கூட நறுக்குவதில்லை. நறுக்கினால் விலை போய்விடுமே! மான் தோலுரிக்க என்று சரிக்கப்பட்ட அந்த முனை, வெல்வெட் பெட்டிக்குள் எதையும் குத்தாமல் பத்திரமாக இருக்கிறது. பணம் போட்டவர் தன் பணத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பது அவர் இஷ்டம், சரி. ஆனால் அதைக் கத்தியின் மீதுள்ள பிரியம் என்று சொல்ல வேண்டாம். தபால்தலை சேகரிப்பதும் அதுவும் ஒன்றுதான். தபால்தலைக்காவது மழுங்குகிற கவலை கிடையாது.

ஸ்டீல் பைத்தியம்

பெட்டியில் பூட்டுகிறவர்கள் கொஞ்சப் பேர். அவர்களைவிடப் பெரிய கூட்டம் ஒன்று உண்டு. கத்தி என்றதும் "என்ன ஸ்டீல்?" என்று கேட்கிற கூட்டம். கத்தி உலகத்தில் ஒவ்வொரு சில வருடத்துக்கும் ஒரு புது எஃகு வருகிறது. 2001இல் அமெரிக்காவின் க்ரூசிபிள் நிறுவனம் எஸ்30வி என்ற ஒன்றைக் கத்திகளுக்கென்றே கொண்டுவந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ எண்களும் எழுத்துகளும். கணினி வாங்குகிறவர்கள் ஜிகாஹெர்ட்ஸ் கேட்பதைப்போலவே கத்தி வாங்குகிறவர்கள் இந்த எண்களை ஒப்பிக்கிறார்கள்.

எஸ்30வி மோசமான எஃகு அல்ல. நல்ல எஃகு. அதில் 4 சதவீதம் வனேடியம் இருக்கிறது. வனேடியமும் கரியும் சேர்ந்து எஃகுக்குள் மிக நுண்ணிய, மிகக் கடினமான துகள்களாக உட்கார்ந்துகொள்கின்றன. அதனால்தான் அந்தக் கத்தி லேசில் தேயாது. ஆனால் அதே காரணத்தால் லேசில் தீட்டவும் முடியாது. கடையில் கிடைக்கும் சாதாரணத் தீட்டுக்கல்லில் இருப்பது பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு. வனேடியம் கார்பைடு அதைவிடக் கடினம்! கல்லைவிடக் கடினமான துகளைக் கல்லால் எப்படிச் சரியாகத் தேய்ப்பது? வைரத்தூள் பதித்த தகடு வேண்டும். அது இல்லாதவர், அல்லது அதைப் பழகாதவர், என்ன செய்வார்? முதல் ஒரு வருடம் கத்தி பிரமாதமாக வெட்டும். பிறகு மெல்ல மழுங்கும். அதற்குப் பிறகு என்றைக்கும் மழுங்கிய கத்தியாகவே அவரது பையில் கிடக்கும். உலகின் மிகச் சிறந்த எஃகில் செய்த மொண்ணைக் கத்தி.

அலாஸ்கா மலையில் ஒரு பெரிய மானை முழுதாகத் துண்டு போடுகிறவருக்கு, நடுவில் தீட்ட நேரமில்லாமல் கடைசிவரை வெட்டுகிற கத்தி தேவை. அவர் அந்த எஃகை வாங்குவதில் நியாயம் இருக்கிறது. அலுவலகத்தில் அட்டைப்பெட்டி பிரிக்கிறவருக்கு என்ன நியாயம்?

இன்னொரு பக்கம் பாருங்கள். சிவப்புப் பிடி போட்ட விக்டோரினாக்ஸ் கத்தியின் அலகு, ராக்வெல் அளவில் 56 சுற்றுதான். இன்றைய விலை உயர்ந்த கத்திகளோடு ஒப்பிட்டால் "மெத்தென்ற" எஃகு என்று கத்திப் பிரியர்கள் கேலி செய்வார்கள். ஆனால் ஐந்து நிமிடத்தில், எந்தக் கல்லிலும், ஏன், பீங்கான் கோப்பையின் அடியில் மெழுகு ஏறாத வளையத்தில்கூட, அதைத் தீட்டிவிடலாம். கார்ல் எல்ஸ்னர் 1884இல் சுவிட்சர்லாந்தின் ஷ்விட்ஸ் பகுதியில் பட்டறை போட்டு, 1891இல் ராணுவத்துக்குக் கத்தி கொடுக்க ஆரம்பித்தவர். சிப்பாய்க்குப் போகிற கத்தி சிப்பாயே தீட்டுகிற கத்தியாக இருக்க வேண்டாமா? அந்தக் கணக்கு இன்றுவரை மாறவில்லை.

அமெரிக்காவின் பக் 110 மடக்குக்கத்தி இன்னொரு உதாரணம். 1960களில் வந்தது. வேட்டைக்காரர்கள் மடக்குக்கத்தியை நம்பி எடுத்துப்போக முடியும் என்று காட்டியது அதுதான். அதில் போடுவது 420எச்சி என்ற சாதாரண எஃகு. விலை உயர்ந்த எஃகின் பட்டியலில் அது கடைசி பெஞ்ச். ஆனால் பக் நிறுவனத்துக்காக பால் பாஸ் என்பவர் வகுத்த வெப்பப் பதம் அந்த எஃகை வேறு ஆளாக மாற்றிவிட்டது. எத்தனை டிகிரியில் காய்ச்சுவது, எப்படிக் குளிர்விப்பது, மறுபடி எவ்வளவு சூட்டில் தணிப்பது - கத்தியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நல்ல அரிசி வாங்கிக் குழைத்துவிடுவதும், ரேஷன் அரிசியைப் பதமாக வடிப்பதும் ஒன்றா? இது எந்தக் கிராமத்துக் கொல்லருக்கும் தெரிந்த விஷயம். எண்களைப் படித்து வாங்குகிறவர்களுக்குத்தான் தெரிவதில்லை.

பதத்துக்கு அடுத்தபடி அலகின் தடிமன். கூரான இடத்துக்குச் சற்று மேலே அலகு எவ்வளவு மெல்லியதாக இருக்கிறது என்பதுதான் வெட்டை முடிவு செய்கிறது. தடித்த அலகு கேரட்டை வெட்டாது, பிளக்கும். ஒரு பக்கம் நூறு டாலர் கொடுத்து வாங்குகிற முரட்டுக் கத்திகள் பல, தோசைக் கரண்டி தடிமனில் இருக்கின்றன. 1982இல் வந்த "ஃபர்ஸ்ட் பிளட்" படத்தில் ராம்போ வைத்திருந்த, முதுகில் ரம்பப் பல் வைத்த கத்தியைப் பார்த்துவிட்டு அந்த மாதிரி வாங்கினவர்கள் ஏராளம். அதை வைத்து ஒரு முயலைக்கூட ஒழுங்காக உரிக்க முடியாது. அனுபவமுள்ள வேட்டைக்காரர்களின் கத்தியைப் பார்த்தால் பெரும்பாலும் மூன்றிலிருந்து நான்கு அங்குல அலகுதான் இருக்கும்.

பெயரைப் பார்த்து வாங்குவதிலும் ஒரு பள்ளம் உண்டு. லகியோல் என்பது பிரான்சில் ஒரு சின்ன ஊர். பிடியும் அலகும் சேருமிடத்தில் தேனீ உருவம் வைத்த ஒல்லியான கத்தி அந்த ஊர்ப் பெயரிலேயே புகழ் பெற்றது. கத்தியின் பெயரில் யாருக்கும் தனி உரிமை இல்லாததால் சீனாவிலும் பாகிஸ்தானிலும் செய்த கத்திகளிலும் அதே பெயர் ஏறியது. போதாக்குறைக்கு, ஊருக்குத் தொடர்பே இல்லாத ஒருவர் 1993இல் அந்தப் பெயரைப் பலவகைப் பொருட்களுக்கு வணிகச் சின்னமாகப் பதிவு செய்துகொண்டார். ஊர்க்காரர்கள் 2012இல் ஊர்ப் பெயர்ப் பலகையையே கழற்றி எதிர்ப்பைக் காட்டினார்கள். 2019இல்தான் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஊருக்குச் சாதகமாகச் சொன்னது. ஆக, அலகில் "லகியோல்" என்று எழுதியிருப்பதால் மட்டும் ஒன்றும் நிச்சயம் இல்லை.

"டமாஸ்கஸ்" என்று சொல்லி அலையலையாகக் கோடு போட்ட கத்தி விற்கிறார்களே, அதுவும் இதே வகைதான். இன்றைய டமாஸ்கஸ் பெரும்பாலும் இரண்டு விதமான எஃகுகளை மாற்றி மாற்றி அடுக்கி, ஒட்ட அடித்து, அமிலத்தில் நனைத்துக் கோட்டை எழுப்புவது. அழகுதான். பழைய டமாஸ்கஸ் வாள்களின் கோடு வேறு விதமாக வந்தது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசையில் வைத்து உருக்கி எடுத்த எஃகுக் கட்டிகளிலிருந்து, எஃகின் உள்ளமைப்பிலிருந்தே எழுந்த கோடு அது. "உருக்கு" என்ற சொல்தான் ஐரோப்பியர் வாயில் "வூட்ஸ்" என்று திரிந்தது என்றும் சொல்வார்கள். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு இன்று கோட்டுக்குக் காசு வாங்குகிறார்கள். கோடு வெட்டாது, கூர்தான் வெட்டும்.

கல்லும் கையும்

சரி, விஷயத்துக்கு வருவோம். கத்தியைச் சொந்தமாக்குவது கடை ரசீது அல்ல, தீட்டுக்கல்தான்.

கத்தி மழுங்குவது என்றால் என்ன? கூரான விளிம்பு மைக்ரான் கணக்கில் மெல்லியது. வெட்ட வெட்ட அது சில இடத்தில் மடங்குகிறது, சில இடத்தில் உதிர்கிறது, சில இடத்தில் உருண்டுபோகிறது. தீட்டுவது என்றால் அந்த உருண்டுபோன பகுதியை இரண்டு பக்கமும் தேய்த்து நீக்கி, இரண்டு தளங்களும் மறுபடி ஒரு கோட்டில் சந்திக்கும்படி செய்வது. அவ்வளவுதான். மந்திரம் ஒன்றும் இல்லை.

ஆனால் அந்த "அவ்வளவுதான்" என்பதற்குள் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள். முதலில் கோணம். பேனாக்கத்திக்குப் பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி. டிகிரியைக் கண்ணால் எப்படி அளப்பது? சுலபமான கணக்கு உண்டு. அலகின் அகலம் 20 மில்லிமீட்டர் என்றால், அதன் முதுகைக் கல்லிலிருந்து 5 மில்லிமீட்டர் தூக்கினால் ஏறத்தாழ 15 டிகிரி. 7 மில்லிமீட்டர் தூக்கினால் 20ஐ ஒட்டி வரும். ஒன்றன்மேல் ஒன்றாகச் சில நாணயங்களை அடுக்கி உயரத்தைப் பழகிக்கொள்ளலாம். அந்தக் கோணத்தைக் கடைசிவரை மாறாமல் பிடிப்பதுதான் வித்தை. 17 டிகிரியா 19 டிகிரியா என்பது முக்கியமே இல்லை. தேய்க்கும்போதே 17 ஆகவும் 25 ஆகவும் ஆடிக்கொண்டிருந்தால்தான் கத்தி கெடும்.

கோணம் சரியா என்று தெரியவில்லையா? கூர்விளிம்பை ஒட்டி மார்க்கர் பேனாவால் கறுப்பு மை தடவிவிட்டு இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்தால் போதும். மை எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் கல் தொடுகிறது. மேலே மட்டும் அழிந்தால் கத்தி அதிகம் படுத்திருக்கிறது. நுனியில் மட்டும் அழிந்தால் அதிகம் நிமிர்ந்திருக்கிறது. இந்த ஒரு உபாயம், பல மணி நேரம் வீணாகத் தேய்ப்பதை மிச்சப்படுத்தும்.

அடுத்தது பிசிறு. இதைத்தான் புதிதாகத் தீட்டுகிறவர்களில் பெரும்பாலோர் தவறவிடுகிறார்கள். ஒரு பக்கத்தைப் போதுமான அளவு தேய்த்தால், மறுபக்கத்தில் விளிம்பு முழுவதும் மிக மெல்லிய உலோகப் பிசிறு சுருண்டு நிற்கும். கட்டைவிரலை முதுகிலிருந்து வாய்ப்பக்கமாக (வாயோடு சேர்த்து அல்ல, வாய்க்கு வெளியே) மெல்லத் தள்ளினால் சொரசொரவென்று மாட்டும். பிசிறு வந்துவிட்டது என்றால் அந்தப் பக்கத் தளம் விளிம்புவரை எட்டிவிட்டது என்று அர்த்தம். அதுவரை மறுபக்கம் திருப்பக் கூடாது. "பக்கத்துக்குப் பத்து இழுப்பு" என்று எண்ணித் தீட்டுகிறவர்கள் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். பத்து இழுப்பில் வருகிற கத்தியும் உண்டு, இருநூறு இழுப்பு கேட்கிற கத்தியும் உண்டு. எண்ணிக்கையைப் பார்க்காமல் பிசிறைப் பார்க்க வேண்டும்.

இரண்டு பக்கமும் பிசிறு எழுப்பியபிறகு அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் கத்தியின் சொந்த எடை மட்டும் கல்லில் பட, மாற்றி மாற்றி ஒவ்வொரு இழுப்பு. பிசிறு தேய்ந்து மெலியும். மிச்சத்தைத் தோல் வார் பார்த்துக்கொள்ளும். அந்தக் கால முடிதிருத்தும் நிலையங்களில் சவரக்கத்தியை வாரில் சடசடவென்று அடிப்பார்களே, அதேதான். பழைய பெல்ட் போதும். கத்தியை வாயை முன்னே தள்ளாமல் முதுகை முன்னே விட்டு இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் பெல்ட் இரண்டாகும். செய்தித்தாளைத் தூக்கிப் பிடித்து மேலிருந்து கீழே ஒரு கீறு. கிழியாமல், நழுவாமல், சத்தமே இல்லாமல் இறங்கினால் வேலை முடிந்தது.

கல்லில் ஆயிரம் ரகம் பேசுவார்கள். அமெரிக்காவின் ஆர்கன்சா மலைக்கல், பெல்ஜியத்தின் மஞ்சள் நிறக் கல், ஜப்பானின் தண்ணீர்க்கல். எல்லாம் நல்லவைதான். ஆரம்பிக்கிறவருக்கு ஒரு பக்கம் 400, மறுபக்கம் 1000 என்று இருக்கிற ஒரே கல் தாராளம். ஒரே ஒரு எச்சரிக்கை: "வி" வடிவப் பிளவில் கத்தியை விட்டு இழுக்கிற பிளாஸ்டிக் சாதனத்தை வாங்க வேண்டாம். அது தீட்டுவதில்லை, சுரண்டுகிறது. விளிம்பிலிருந்து உலோகத்தைச் சுருள் சுருளாகப் பிய்த்துப்போடும். இரண்டு நாளைக்கு வெட்டும், மூன்றாம் நாள் மறுபடி இழுக்கச் சொல்லும். இரண்டு வருடத்தில் கத்தியின் பாதி காணாமல் போயிருக்கும்.

தெருவில் சைக்கிள் மிதித்துச் சாணை பிடிக்கிறவரிடம் கொடுக்கலாமா என்று கேட்டால், அருவாமனைக்கும் வெட்டரிவாளுக்கும் கொடுக்கலாம். மெல்லிய பேனாக்கத்திக்கு வேண்டாம். அவர் திறமையில் குறை இல்லை. காய்ந்த சக்கரத்தில் பொறி பறக்கும்போது மெல்லிய விளிம்பு சட்டென்று சூடேறிவிடும். கரி எஃகுக் கத்திகளை ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில்தான் தணித்துப் பதப்படுத்துகிறார்கள். அதற்கு மேலே போனால் அந்தப் பதம் தளரும். விளிம்பில் நீலம் பூத்துவிட்டால் அங்கே பதம் போய்விட்டது என்று பொருள், அந்த இடம் இனிமேல் கூரைப் பிடித்துவைக்காது.

ஸ்வீடனின் மோரா கத்தியும் பின்லாந்தின் பூக்கோவும் தீட்டப் பழகுகிறவர்களுக்கு வரம். அவற்றின் அலகில் பக்கவாட்டில் ஒரே ஒரு அகலமான சரிவு, அது நேராக விளிம்புவரை போய் முடிகிறது. அந்தச் சரிவைக் கல்லில் படுக்க வைத்தால் கோணம் தானே வந்துவிடும். கணக்கும் வேண்டாம், நாணயமும் வேண்டாம். தினமும் மரம் சீவுகிறவர்கள் காட்டிலேயே உட்கார்ந்து தீட்டிக்கொள்வதற்காகத் தலைமுறை தலைமுறையாக வந்த வடிவம் இது. மோரா கத்தி, மேலே சொன்ன விலை உயர்ந்த கத்திகளின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

போற்றுவது எப்படி

1890இல் பிரான்சின் சவாய் மலைப்பகுதியில், ஜோசப் ஒப்பினெல் என்ற பதினெட்டு வயதுக் கொல்லர் வீட்டுப் பையன் ஒரு மடக்குக்கத்தி செய்தான். ஒரு மரப்பிடி, அதில் ஒரு பிளவு, ஒரு அலகு, ஒரு ஆணி. 1897இல் அதை 1 முதல் 12 வரை எண் போட்டுப் பன்னிரண்டு அளவுகளில் விற்றார்கள். 1955இல் அலகு திடீரென்று மடங்கி விரலை நறுக்காமலிருக்க ஒரு சுழல் வளையம் சேர்ந்தது. கிட்டத்தட்ட இவ்வளவுதான் மாற்றம்! 1985இல் லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் உலகின் நூறு அழகான பொருட்களில் ஒன்றாக இதைச் சேர்த்தது. ஆனால் இதன் உண்மையான அருங்காட்சியகம் பிரெஞ்சு விவசாயிகளின் கால்சட்டைப் பை.

ஒப்பினெல்லின் கரி எஃகு அலகு முதல் ஆப்பிளிலேயே கறுக்க ஆரம்பிக்கும். பதறக் கூடாது. அது துரு அல்ல. பழத்தின் அமிலம் எஃகின் மேல் எழுப்புகிற சாம்பல்-நீலப் படலம். நாளாக நாளாக அலகு முழுவதும் படர்ந்து, சிவப்புத் துருவைக் கொஞ்சம் தள்ளியே நிறுத்தும். எலுமிச்சை, மாங்காய், வெங்காயம் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம் காட்டும். அடுத்தவர் கத்தியைப்போல இன்னொரு கத்தி இருக்காது. வெட்டி முடித்ததும் துடைத்து, கொஞ்சம் எண்ணெய் தடவினால் போதும் (ஜப்பானியர் இதற்குக் காமெலியா எண்ணெய் வைத்திருக்கிறார்கள்). மரப்பிடி ஈரத்தில் உப்பி அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அடைமழைக் காலத்தில் திறக்கவே மறுக்கும். பிடியின் பின்முனையை மேஜையில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு சற்று வெளியே எட்டிப் பார்க்கும். சவாய்க்காரர்கள் இதற்குத் தங்கள் ஊர்ப் பெயரிலேயே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்.

உறைக்கத்திகளுக்கு ஒரு விஷயம். தோல் உறை இடுப்பில் மாட்டிக்கொள்ள மட்டும். வீட்டில் மாதக்கணக்கில் உறைக்குள்ளேயே வைத்தால், தோல் பதனிடப் போட்ட ரசாயனமும் தோல் குடித்த ஈரமும் சேர்ந்து எஃகை அரித்துவிடும். "பத்திரமாக" உறையில் போட்டு வைத்து, பத்து வருடம் கழித்து எடுத்துப் பார்த்து அழுதவர்கள் உண்டு.

இனி, கத்தியை மனிதர் கையிலிருந்து பிடுங்குகிற மூன்றாவது சக்தி: பயம். ஜப்பானின் கதை இதற்குப் பாடமாக வைக்கத் தக்கது. ஹ்யோகோ மாநிலத்தில் மிகி என்ற ஊர் கொல்லர்களுக்குப் பேர்போனது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே "ஹிகோநோகாமி" என்றொரு மடக்குக்கத்தி பிறந்தது. மடித்த உலோகத் தகடுதான் பிடி, நடுவில் ஒரு கடினமான எஃகு அலகு, கட்டைவிரலால் அழுத்தித் திறக்க ஒரு சின்ன வால். பூட்டு கிடையாது. பள்ளிப் பிள்ளைகள் எல்லாரிடமும் அது இருந்தது. பென்சில் சீவினார்கள், மூங்கிலில் பொம்மை செய்தார்கள்.

1960 அக்டோபர் 12ஆம் தேதி தோக்கியோவின் ஹிபியா அரங்கில், சோசலிஸ்ட் கட்சித் தலைவர் அசனுமா மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போதே பதினேழு வயது இளைஞன் ஒருவன் அவரைக் குத்திக் கொன்றான். கையில் இருந்தது குட்டை வாள், பேனாக்கத்தி அல்ல. ஆனால் அதன்பின் நாடெங்கும் "பிள்ளைகள் கையில் கத்தி வேண்டாம்" என்ற இயக்கம் பரவியது. வாள் செய்த கொலைக்குப் பென்சில் சீவுகிற கத்திக்குத் தண்டனை! பென்சில் திருகி வந்தது, கத்தி போனது. மிகியில் ஏராளமாக இருந்த பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. இன்று அந்தப் பதிவு பெற்ற பெயரில் கத்தி செய்வது நாகாவோ குடும்பத்துப் பட்டறை ஒன்றுதான்.

நாகானோ மாநிலத்தில் இகேதா என்ற ஊரின் ஒரு தொடக்கப்பள்ளி மட்டும் 1980களில் எதிர்த்திசையில் நடக்க முடிவெடுத்தது. பிள்ளைகளுக்கு ஹிகோநோகாமி கொடுத்துப் பென்சிலைக் கத்தியாலேயே சீவச் சொன்னார்கள். 1998 ஜனவரியில் தொச்சிகியில் பதின்மூன்று வயது மாணவன் ஒருவன் தன் ஆசிரியையைக் கத்தியால் குத்திக் கொன்று, நாடே மறுபடி நடுங்கியபோதும், அந்தப் பள்ளி தன் வழக்கத்தை விடவில்லை. விரலில் சிறு கீறல் வாங்கிய பிள்ளைக்குக் கத்தி என்ன செய்யும் என்று தெரியும். சினிமாவில் மட்டும் கத்தியைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அது தெரியாது. இந்த வாதத்தை எல்லாரும் ஏற்க மாட்டார்கள்தான். நகரத்து வீதிகளில் கத்திக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்த பிரிட்டன்காரர்களிடம் போய் இதைச் சொல்வது சுலபமல்ல. அங்கே 1988இன் சட்டப்படி, பூட்டு இல்லாத, மூன்று அங்குலத்துக்கு மிகாத மடக்குக்கத்தியை மட்டும் காரணம் கேட்காமல் வைத்திருக்கலாம். விரலைக் காப்பாற்றுகிற வளையம் இருப்பதாலும், அலகு மூன்று அங்குலத்தைத் தாண்டுவதாலும் ஒப்பினெல் 8ஆம் எண் கத்தி அந்த வரம்புக்கு வெளியே போய்விடுகிறது. குத்துகிறவனுக்குச் சமையலறைக் கத்தி போதும். சட்டம் தடுப்பது பெரும்பாலும் ஆப்பிள் நறுக்குகிறவரைத்தான்.

2001 செப்டம்பருக்குப் பிறகு விமானத்தில் பேனாக்கத்தி ஏறக் கூடாது என்றானதும் விக்டோரினாக்ஸின் விற்பனை சரிந்தது. 2024இல் அந்த நிறுவனமே, அலகே இல்லாத கருவிகளையும் உருவாக்கிக்கொண்டிருப்பதாக அறிவித்தது. வியாபாரம் அவர்களுடையது, குறை சொல்ல முடியாது. திருப்புளியும் கத்தரிக்கோலும் இருக்கும். தீட்ட ஒன்றும் இருக்காது.

புதிதாக ஆசைப்படுகிற மாணவர்களுக்குச் செலவுக் கணக்கு இது: கரி எஃகில் ஒப்பினெல் 8 அல்லது ஒரு மோரா. இரண்டு பக்கக் கல் ஒன்று. அப்பாவின் பழைய பெல்ட். கத்திக்கு ஆகிற அதே அளவு பணம் கல்லுக்கும் ஆகும், அதில் கஞ்சத்தனம் கூடாது. முதல் முறை தீட்டும்போது அலகின் பக்கமெல்லாம் கீறல் விழும். முனை கொஞ்சம் உருளும். அதனால்தான் முதல் கத்தி விலை குறைந்ததாக இருக்க வேண்டும். நாலைந்து முறை ஆனபின் கை தானாகக் கோணத்தைப் பிடித்துக்கொள்ளும். ஊருக்குப் போகும்போது விமானமென்றால் கைப்பையில் வைக்காமல் சரக்கில் போடுகிற பெட்டியில் வைக்கவும்.